பழைய ஆற்றுப் படகில் புதிய மின்சுற்று

தேம்ஸ் நதியிலும், கிழக்கு இங்கிலாந்தில் நார்ஃபோக் பிராட்ஸ் என்று அழைக்கப்படும் ஆறுகளும் ஏரிகளும் பின்னிய நீர்வழிகளிலும், 1960களிலும் 1970களிலும் கட்டப்பட்ட சிறு பயணப் படகுகள் இன்றும் கணிசமாக ஓடிக்கொண்டிருக்கின்றன. லெஸ்டர்ஷயரின் ஹிங்க்லி நகரில் ஜான் ஃப்ரீமனின் நிறுவனம் கட்டிய ‘ஃப்ரீமன் 22’, எஸ்ஸெக்ஸின் கிரேட் டன்மோவில் கட்டப்பட்ட ‘சீமாஸ்டர்’, நார்ஃபோக்கின் பிரண்டால் ஊரில் 1898இல் தொடங்கப்பட்ட புரூம் பட்டறையின் படகுகள் ஆகியவை இவ்வகைக்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டுகளாகும். சிலர் படுத்துறங்கக்கூடிய சிறு அறை, ஓர் அடுப்பு, ஒரு கழிவறை, பெட்ரோலில் ஓடும் ஓர் எஞ்சின், 12 வோல்ட் பேட்டரி என்பதே இவற்றின் பொதுவான அமைப்பு. கண்ணாடியிழையால், அதாவது வழக்கில் ஃபைபர் எனப்படும் பொருளால், வார்க்கப்பட்ட உடல் அக்காலத்தில் தாராளமான தடிமனில் அமைக்கப்பட்டதால், அரை நூற்றாண்டுக்குப் பின்னும் அது பெரும்பாலும் உறுதியாகவே இருக்கிறது. அவ்வுடலுக்குள் ஓடும் மின்கம்பிகளுக்கு அத்தகைய ஆயுள் கிடையாது. ஒவ்வோர் உரிமையாளரும் தம் காலத்தில் ஒரு வானொலியையோ, ஒரு தண்ணீர்ப் பம்பையோ, ஒரு குளிர்பதனப் பெட்டியையோ சேர்த்து, அருகில் கிடைத்த கம்பியில் முறுக்கி இணைத்துவிட்டுப் போயிருப்பதால், இத்தகைய படகு ஒன்றை வாங்குபவர் பெறுவது ஒரு மின்சுற்றன்று, பல கைகளின் ஒட்டுவேலைத் தொகுப்பு.

நாற்பது ஆண்டுகளைக் கடந்த அத்தகைய சுற்றை மேலும் ஒட்டுப்போட்டுப் பயன்படுத்துவதைவிட, முழுவதையும் அகற்றிவிட்டுப் புதிதாக அமைப்பதே உழைப்பைக் குறைத்துப் பாதுகாப்பைக் கூட்டும் வழி என்பது இவ்வியலின் நிலைப்பாடு. 12 வோல்ட் பகுதியைப் பொறுத்தவரை, மின்பொறியியல் பயிலாத உரிமையாளரும், கணக்கிடும் பழக்கத்தையும் பொறுமையையும் கைவிடாதவரை, இவ்வேலையைச் செம்மையாகச் செய்து முடிக்க இயலும். கரையிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரம் வேறு வகையானது. அதைப் பற்றிப் பின்னர் தனியே கூறப்படும்.

முதலில் நீரை நிறுத்துதல்

கூரையும் ஜன்னல்களும் ஒழுகும் படகில் புதிய கம்பி இழுப்பது, பணத்தையும் உழைப்பையும் ஒருசேர வீணாக்குவதாகும். பழைய படகை வாங்கியவர்களில் பலர் முதலில் வார்னிஷ் டப்பாவைத்தான் கையிலெடுக்கின்றனர்; பளபளக்கும் மரம் உழைப்புக்கு உடனே பலன் காட்டுவதே அதற்குக் காரணம். ஆயினும் அந்த மரத்துக்குப் பின்னால்தான் கம்பிகள் ஓடவேண்டும், கம்பிகளுக்குப் பின்னால்தான் நீர் இறங்குகிறது என்பதால், ஒழுகலை அடைத்தல், மக்கிய பலகையை மாற்றுதல், கம்பி இழுத்தல், உட்பூச்சு என்ற வரிசையை மாற்ற இடமில்லை.

ஒழுகும் இடத்தைக் கண்டறிய, ஒருவர் வெளியிலிருந்து குழாய்நீரை மெல்ல ஓடவிட, மற்றொருவர் கைவிளக்குடன் உள்ளேயிருந்து கவனிக்க வேண்டும். நீரைக் கீழ்ப்பகுதியில் தொடங்கிச் சிறிது சிறிதாக மேலே கொண்டுசெல்வதே முறை. மேலிருந்து தொடங்கினால் வழிந்தோடும் நீர் எல்லா இடுக்குகளையும் ஒரே நேரத்தில் நனைத்துவிட, எது வாயில் என்பது புலப்படாமல் போகும். ஜன்னல் சட்டங்களைச் சுற்றியுள்ள ரப்பர், மேல்தளத்தில் கயிறு கட்டும் கட்டைகளின் அடி, கைப்பிடிக் கம்பிகளின் திருகாணித் துளைகள் ஆகிய மூன்றுமே பெரும்பாலான ஒழுகல்களுக்குக் காரணமாக இருக்கும். மேல்தளத்தின் இரு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே மரம் வைத்துக் கட்டப்பட்ட படகுகளில், சுத்தியலின் மரக்காம்பால் தட்டிப்பார்த்தால், உலர்ந்த இடம் கணீரென்றும் ஊறி மக்கிய இடம் மொத்தென்றும் ஒலிக்கும். இந்த வேறுபாடு ஐந்து நிமிடப் பழக்கத்திலேயே காதுக்குப் பிடிபட்டுவிடும்.

கட்டையைக் கழற்றிப் புதிய பசையிட்டு அதே துளையில் முடுக்குவது நிலைத்த தீர்வாகாது. துளையைத் திருகாணியின் அளவைவிடப் பெரிதாகக் குடைந்து, ஈரம் முழுவதும் காய்ந்தபின் எப்பாக்சிப் பிசினால் நிரப்பி, அது இறுகியபின் நடுவில் புதிய துளையிட்டால், நீர் எப்போதேனும் கசிந்தாலும் மரத்தைத் தொடாது. துளையின் வாயைச் சற்றே சரிவாகச் செதுக்கி, பியூட்டைல் பட்டை எனப்படும், காலத்தால் இறுகிப்போகாத ஒட்டுநாடாவை அதில் அமர்த்தி, சில நாட்கள் இடைவெளிவிட்டுச் சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். கடையில் எளிதாகக் கிடைக்கும் சிலிக்கான் பசையைத் தவிர்ப்பது நல்லது. அது விட்டுச்செல்லும் படலத்தின்மேல் பின்னர் எந்தப் பூச்சும் பசையும் பிடிப்பதில்லை.

இக்கட்டத்திலேயே எஞ்சின் அறையையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அக்காலப் படகுகளின் புகைபோக்கிக் குழாயைச் சுற்றியுள்ள வெண்மையான அல்லது சாம்பல்நிறக் கயிறு கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், ஆக இருக்கக்கூடும். அதன் தூள் நுரையீரலுக்குக் கொடிய தீங்கு விளைவிப்பது என்பதால், அதைச் சுரண்டவோ பிய்க்கவோ கூடாது. மாதிரியைச் சோதிக்கக் கொடுத்து, கல்நார்தான் என்று உறுதியானால் உரிமம் பெற்றவர்களைக் கொண்டே அகற்ற வேண்டும்.

பழைய சுற்றைப் படித்தல்

கத்தரிக்கோலை எடுக்கும்முன் பழைய சுற்றின் வரைபடம் காகிதத்தில் இருக்கவேண்டும். ஒவ்வொரு கருவியிலிருந்தும் கம்பியைப் பின்தொடர்ந்து சென்று, அது எங்கே ஸ்விட்ச்சையும் பியூஸையும் அடைகிறது என்பதைக் குறித்து, இருமுனைகளிலும் ஒரே எண்ணுள்ள சீட்டைக் கட்டி, நிழற்படமும் எடுத்துக்கொண்டபின்தான் அகற்றலைத் தொடங்குவது முறை. புதிய சுற்று வேறு வழியாக ஓடுமென்றாலும், எந்தெந்தக் கருவிகள் இருந்தன, கம்பிகள் எந்தத் துளைகள் வழியே தடுப்புப் பலகைகளைக் கடந்தன என்ற செய்திகளை இவ்வரைபடமே தரும். பழைய கம்பியின் முனையில் வலுவான நூலைக் கட்டி, கம்பியை உருவும்போதே நூலை அதன் இடத்தில் விட்டுவைத்தால், எட்டாத மூலைகளில் புதிய கம்பியை இழுக்க அதுவே போதும்.

பிரிட்டனில் உருவான பழைய எஞ்சின்களில் லூக்காஸ் நிறுவனத்தின் மின்கருவிகள் பரவலாகப் பயன்பட்டதால், அந்நிறுவனத்தின் நிறமுறையை அறிந்திருப்பது உதவும். பழுப்பு நிறம் பேட்டரியிலிருந்து நேரே வரும் இணைப்பையும், வெள்ளை எஞ்சின் பற்றவைப்பையும், பச்சை பியூஸைக் கடந்து சாவியின் கட்டுப்பாட்டில் இயங்கும் கருவிகளையும், கறுப்பு எஞ்சின் உடலோடு சேரும் இணைப்பையும் குறிக்கும். இதைவிட முக்கியமான செய்தி ஒன்றுண்டு. 1960களின் நடுப்பகுதி வரை பல பிரிட்டிஷ் எஞ்சின்களில் பேட்டரியின் நேர்முனையே எஞ்சின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. இன்றைய வழக்கம் அதற்கு நேர்மாறானது. எந்த முனை எஞ்சினோடு இணைந்துள்ளது என்பதைப் பார்க்காமல் இன்றைய ஆல்டர்னேட்டரையோ வானொலியையோ பொருத்தினால், இணைத்த நொடியிலேயே அது கருகிவிடும்.

பழைய கம்பியை ஏன் மீண்டும் பயன்படுத்தக் கூடாது என்பதற்கு அதையே சாட்சியாக்கலாம். படகின் முன்முனையான அணியத்து விளக்குக்குச் செல்லும் கம்பியின் உறையை ஓரங்குலம் சீவிப்பார்த்தால், செம்பின் இயல்பான ஒளிர்நிறத்துக்குப் பதிலாகக் கரிய படலம் தென்படும். மேலும் ஓரங்குலம் சீவினாலும், ஓரடி தள்ளி வெட்டினாலும் அதே கருமை தொடரும். இழைகளுக்கு இடையிலான நுண்ணிடைவெளி வழியே ஈரம் கம்பியின் உள்ளேயே வெகுதூரம் ஏறிச்செல்வதன் விளைவு இது. விளக்கு எரியும்போதே மல்டிமீட்டரால் அளந்தால், பேட்டரி முனையில் 12.6 வோல்ட் இருக்க, விளக்கின் முனையில் 11 வோல்ட்டுக்கும் குறைவாகக் காட்டுவது வியப்பன்று. விளக்கை அணைத்துவிட்டு அளந்தால் இவ்விழப்பு தெரியாது. மின்னோட்டம் பாயும்போது மட்டுமே மின்தடை தன்னைக் காட்டிக்கொள்ளும்.

கம்பியின் பருமன்

தொழில்முறை அல்லாதவர்கள் மிகுதியாகத் தடுமாறும் இடம் இதுவே என்பதால் சற்று விரிவாகப் பார்ப்பது தகும். மின்திறன் என்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கிவரும் தொகை. 24 வாட் விளக்கு 230 வோல்ட்டில் ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கையே இழுக்க, 12 வோல்ட்டில் அதே விளக்கு 2 ஆம்பியரை இழுக்கும். மின்னோட்டம் கூடக்கூடக் கம்பியில் இழக்கப்படும் மின்னழுத்தமும் கூடுகிறது. இழப்பதற்கு இருப்பதோ 12 வோல்ட் மட்டுமே. வீட்டில் 1 வோல்ட் இழப்பை எவரும் உணரமாட்டார். படகில் அது மொத்தத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. கம்பி சூடாகாமல் தாங்குமா என்ற கேள்வியோடு நின்றுவிடாமல், மறுமுனையில் போதிய மின்னழுத்தம் எஞ்சுமா என்ற கேள்வியையும் கேட்டே பருமனைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கணக்கு எளியது. ஒரு மீட்டர் நீளமும் 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டும் உள்ள செம்புக்கம்பியின் மின்தடை ஏறத்தாழ 0.0175 ஓம். 22 அடிப் படகின் பின்பகுதியிலுள்ள பேட்டரியிலிருந்து, பக்கச்சுவரோடு வளைந்து சென்று, அணியத்து விளக்கை அடைய 8 மீட்டர் கம்பி தேவை எனக் கொண்டால், திரும்பிவரும் எதிர்முனைக் கம்பியையும் சேர்த்து நீளம் 16 மீட்டர் ஆகும். திரும்பும் கம்பியைக் கணக்கில் விட்டுவிடுவதே வழக்கமாக நேரும் பிழை. 1 சதுர மில்லிமீட்டர் கம்பியில் மின்தடை 0.28 ஓம், 2 ஆம்பியர் பாயும்போது 0.56 வோல்ட் இழக்கப்படும். அதாவது ஏறக்குறைய 5 விழுக்காடு. இழைவிளக்கின் ஒளி மின்னழுத்தத்தைவிட மிக விரைவாகக் குறைவதால், இந்த 5 விழுக்காடு ஒளியில் ஆறில் ஒரு பங்கு வரை தின்றுவிடும். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியைப் பயன்படுத்தினால் இழப்பு 0.22 வோல்ட்டாக, அதாவது 2 விழுக்காட்டுக்குள், அடங்கும். வழிகாட்டு விளக்குகள், அடிநீர்ப் பம்பு போன்ற இன்றியமையாத கருவிகளுக்கு 3 விழுக்காட்டுக்கு மேல் இழப்பை அனுமதிக்கலாகாது; அறை விளக்கு போன்றவற்றில் சிறிது கூடினாலும் தீங்கில்லை. குளிர்பதனப் பெட்டி இதில் தனிக்கவனம் வேண்டுவது. தன்னிடம் வந்துசேரும் மின்னழுத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால், பேட்டரியைக் காப்பதற்காக அது தானே நின்றுவிடும் வகையில் அமைக்கப்பட்டிருப்பதால், மெல்லிய கம்பியில் இணைத்தவர் பேட்டரி முழுதாக இருந்தும் பெட்டி ஓடவில்லையே என்று குழம்ப நேரிடுகிறது.

பருமனுக்கு அடுத்தது வகை. வீட்டுச் சுவருக்குள் பதிக்கப்படும் ஒற்றை இழைக் கம்பி படகுக்கு ஆகாது. எஞ்சினின் இடையறாத அதிர்வில் அது நாளடைவில் இறுகி முறியும். பல மெல்லிய இழைகள் திரிந்த கம்பியே வேண்டும். அதிலும் ஒவ்வோர் இழைக்கும் வெள்ளீயப் பூச்சுள்ள, கடல்தரக் கம்பி எனப்படும் வகையே மேலே கூறிய கரும்படலத்தைத் தடுக்கும். விலை கூடுதல்தான். ஆனால் முழுப் படகுக்கும் தேவையான கம்பியின் விலை, இரண்டு நல்ல பேட்டரிகளின் விலையோடு ஒப்பிட்டால் பெரிதன்று. இங்கே சிக்கனம் பார்ப்பதை எவ்வகையிலும் பரிந்துரைக்க இயலாது.

கம்பிகள் படகின் அடிப்பள்ளத்துக்கு மிக உயரே ஓடவேண்டும். அடிப்பள்ளம் என்பது படகின் தரைப்பலகைக்குக் கீழே கசிநீர் தேங்கும் பகுதி. படகோட்டிகள் அதைப் பில்ஜ் என்பர். 45 சென்டிமீட்டர், அதாவது ஒரு முழம், இடைவெளிக்கு ஒருமுறை கம்பிகள் தாங்கிப் பிடிக்கப்பட வேண்டும். தடுப்புப் பலகையின் துளையைக் கடக்கும் இடங்களிலெல்லாம் ரப்பர் வளையம் இருத்தல் வேண்டும். குளிரைத் தடுக்கப் பக்கச்சுவரில் தெர்மோகோல் பலகை ஒட்டப்பட்டிருந்தால், கம்பியின் பிவிசி உறை அதைத் தொடாதபடி தனிக்குழாய் வழியே கொண்டுசெல்ல வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால், உறைக்கு நெகிழ்வு தரும் பொருள் தெர்மோகோலுக்குள் இறங்கிவிட, உறை ஆண்டுகள் செல்லச்செல்ல விறைத்து வெடிக்கும்.

பியூஸும் இணைப்பும்

பியூஸ் கருவியைக் காப்பதற்காக வைக்கப்படுவது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அதன் முதற்கடமை கம்பியைக் காப்பதே. எனவே கம்பி தாங்கக்கூடிய அளவைவிடக் குறைந்ததாகவும், கருவி வழக்கமாக இழுக்கும் அளவைவிடக் கூடியதாகவும் பியூஸ் தேர்ந்தெடுக்கப்படும். 2 ஆம்பியர் விளக்குக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டிருந்தால் 5 ஆம்பியர் பியூஸ் பொருந்தும். 12 வோல்ட் உடலுக்கு அதிர்ச்சி தராது என்பதால் அது ஆபத்தற்றது என்று கருதுவது பெரும்பிழை. 110 ஆம்பியர்-மணி பேட்டரியின் இரு முனைகளும் ஒரு ஸ்பேனரால் இணைந்துவிட்டால் ஆயிரம் ஆம்பியருக்கு மேலும் பாயக்கூடும். நொடிகளில் இரும்பு சிவக்கும். பேட்டரியின் அருகே கைவைக்கும்முன் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவைப்பது இதனால்தான்.

இதே காரணத்தால் தலைமைப் பியூஸ் பேட்டரியின் நேர்முனையிலிருந்து 200 மில்லிமீட்டருக்குள், ஏறத்தாழ ஒரு சாண் தூரத்துக்குள், அமையவேண்டும். பேட்டரிக்கும் பியூஸுக்கும் இடைப்பட்ட கம்பியை எந்தப் பியூஸும் காக்காது என்பதை நினைவிற்கொண்டால் இவ்விதியின் பொருள் தெளிவாகும். எஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார் சில நொடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரை இழுப்பதால், அதற்குச் செல்லும் தடித்த கம்பிக்கு மட்டும் வழக்கமாகப் பியூஸ் வைப்பதில்லை. எனவே அக்கம்பி எங்கும் உரசாதபடி மிகக் கவனமாகக் கட்டப்பட வேண்டும். பேட்டரியை முழுவதுமாகத் துண்டிக்கும் தலைமை ஸ்விட்ச் எளிதில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கவேண்டும். அடிநீரை வெளியேற்றும் தானியங்கிப் பம்பு மட்டும் இந்த ஸ்விட்ச்சுக்கு முன்னரே, தனக்கென ஒரு பியூஸுடன் பேட்டரியோடு இணைக்கப்படும். ஆளில்லாத நாட்களில்தான் அப்பம்பின் தேவை மிகுதி.

இணைப்பு முனைகளைச் சால்டரிங் செய்வதைவிட, கிரிம்பிங் எனப்படும் நசுக்கி இறுக்கும் முறையே படகுக்கு ஏற்றது. உருகிய ஈயம் இழைகளுக்குள் சிறிது தூரம் ஏறி உறைந்து, கம்பியை அவ்விடத்தில் விறைப்பாக்கிவிட, விறைப்பு முடியும் எல்லையில் அதிர்வினால் இழைகள் ஒவ்வொன்றாக முறியும். கிரிம்பிங் முறையில் கம்பியின் உறையை இழைகள் வெட்டுப்படாமல் சீவி, பருமனுக்கு ஏற்ற முனையைத் தேர்ந்து (சிவப்பு 1.5 சதுர மில்லிமீட்டர் வரைக்கும், நீலம் 2.5 வரைக்கும், மஞ்சள் 4 முதல் 6 வரைக்கும்), இழைகள் அனைத்தும் உள்ளே சென்றதைப் பார்த்தபின், முழு அழுத்தம் வரும்வரை விடாத ராட்செட் இடுக்கியால் நசுக்க வேண்டும். பிறகு முனையைக் கையால் பலமாக இழுத்துப்பார்க்க வேண்டும். கழன்றுவரும் இணைப்பு மேசையிலேயே கழன்றுவிடுவது நல்லது. உட்புறம் பசையுள்ள சுருங்குகுழாயை மேலே செலுத்திச் சூடேற்றினால், அது இறுகும்போது ஓரங்களில் பசை மெல்லப் பிதுங்கி வரும். அந்தப் பசை வளையம் முழுவதுமாகத் தெரிவதே ஈரம் புகாது என்பதற்கான அடையாளம். எதிர்முனைக் கம்பிகள் அனைத்தும் ஒரே செம்புப் பட்டையில் சேர்ந்து, அங்கிருந்து ஒரு தடித்த கம்பியாகப் பேட்டரிக்குச் செல்லவேண்டும்.

பேட்டரியும் மின்னேற்றமும்

எத்தனை பேட்டரி தேவை என்பதை ஒருநாள் செலவிலிருந்து கணக்கிட வேண்டும். குளிர்பதனப் பெட்டி ஓடும்போது 4 ஆம்பியர் இழுத்தாலும், விட்டுவிட்டு ஓடுவதால் நாளொன்றுக்கு 40 ஆம்பியர்-மணி அளவில் செலவாகும். எல்இடி விளக்குகளும், தண்ணீர்ப் பம்பும், கைப்பேசிகளும் சேர்ந்து மேலும் 10 எனக் கொள்ளலாம். ஈய-அமில பேட்டரியில் பாதிக்குமேல் செலவழித்தால் அதன் ஆயுள் விரைந்து குறைவதால், 50 ஆம்பியர்-மணி செலவுக்கு 100 ஆம்பியர்-மணி கொள்ளளவு வேண்டும். இரண்டு நாள் நங்கூரமிட்டு இருக்க விரும்புபவருக்கு அதைப்போல் இருமடங்கு. ஓய்வில் இருக்கும் பேட்டரி 12.7 வோல்ட் காட்டினால் முழுமை, 12.2 காட்டினால் ஏறத்தாழப் பாதி. இதற்குப் புறம்பாக, எஞ்சினைக் கிளப்புவதற்கென்றே தனிப் பேட்டரி ஒன்று கட்டாயம் தேவை. எஞ்சின் ஓடும்போது இரண்டையும் சேர்த்து, நின்றபின் தானே பிரித்துவிடும் ரிலே ஒன்றைப் பொருத்தினால், இரவெல்லாம் விளக்கெரித்தாலும் காலையில் எஞ்சின் கிளம்பும்.

ஆற்றுப் படகுக்கே உரிய இடர்ப்பாடு ஒன்று இங்கே எழுகிறது. தேம்ஸின் டெடிங்டனுக்கு மேற்பட்ட பகுதியில் வேக வரம்பு மணிக்கு 8 கிலோமீட்டர். ஆகவே எஞ்சின் பெரும்பாலும் குறைந்த சுழற்சியிலேயே ஓடும். பழைய எஞ்சின்களில் இருந்த டைனமோ அதிகபட்சம் 22 ஆம்பியர் அளவில் தரக்கூடியது. குறைந்த சுழற்சியில் ஏறக்குறைய ஒன்றும் தராது. நாள் முழுவதும் படகோட்டியும் மாலையில் பேட்டரி காலியாக இருப்பதன் காரணம் பெரும்பாலும் இதுவே. அதனை மாற்றி, குறைந்த சுழற்சியிலும் மின்னேற்றும் ஆல்டர்னேட்டரைப் பொருத்துவது, முழுமையான பழமையை விரும்புவோர் வருந்தினாலும், சரியான முடிவு. எஞ்சின் ஓடும்போது தலைமை ஸ்விட்ச்சைத் துண்டித்தால் ஆல்டர்னேட்டரின் டயோடுகள் கெட்டுவிடும் என்பதை ஸ்விட்ச்சின் அருகிலேயே எழுதி ஒட்டுவது நலம். லித்தியம் பேட்டரிகள் ஆல்டர்னேட்டரிலிருந்து இடைவிடாமல் பெரும் மின்னோட்டத்தை உறிஞ்சி அதைச் சூடேற்றக்கூடியவை. இடையில் தனி மின்னேற்றக் கருவி இல்லாமல் அவற்றை இணைக்கலாகாது. முதன்முறையாக இவ்வேலையில் இறங்குபவருக்கு ஈய-அமில வகையே போதுமானது.

பேட்டரிகள் அசையாதபடி வார்ப்பட்டையால் கட்டப்பட வேண்டும். முனைகள் மூடப்பட வேண்டும். மின்னேற்றத்தின்போது வெளிப்படும் ஹைட்ரஜன் காற்றைவிட இலேசானது என்பதால், பெட்டியின் காற்றுவழி உச்சியில் இருக்கவேண்டும்.

பெட்ரோல் ஆவியின் இயல்பு இதற்கு நேர்மாறானது. ‘ஃப்ரீமன் 22’ போன்றவற்றில் காணப்படும், ஃபோர்டு எஞ்சினை அடிப்படையாகக் கொண்ட வாட்டர்மோட்டா ‘சீ உல்ஃப்’ பெட்ரோலில் ஓடுவது. பெட்ரோல் ஆவியும் சமையல் வாயுவும் காற்றைவிடக் கனமானவை. எவரும் பார்க்காத அடிப்பள்ளத்தில் இறங்கித் தங்கி, ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். ஆகவே எஞ்சின் அறையின் தாழ்ந்த பகுதியிலிருந்து காற்றை உறிஞ்சி வெளியேற்றும் விசிறி பொருத்தப்பட்டு, எஞ்சினைக் கிளப்பும்முன் சில நிமிடங்கள் அது ஓடவேண்டும். அவ்விசிறியும், அப்பகுதியிலுள்ள பம்பு, ரிலே, ஆல்டர்னேட்டர் ஆகியவையும் வெளியே பொறி கசியாத வகையினவாக இருத்தல் கட்டாயம். மோட்டார் வாகனக் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் ஒத்த உருவமுள்ள பொருள்கள் அத்தகையவை அல்ல. இந்த ஒரு செய்தியில் காட்டும் அலட்சியம் உயிர்களைப் பறிக்கும்.

கரை மின்சாரமும் அரிப்பும்

படகுத்துறையிலிருந்து நீலநிறச் செருகி வழியே வரும் 230 வோல்ட் மின்சாரத்தைத் தகுதிபெற்ற மின்பணியாளரிடமே ஒப்படைக்க வேண்டும். 30 மில்லியம்பியர் கசிவிலேயே துண்டித்துவிடும் ஆர்சிடி கருவி இல்லாத படகை அதனோடு இணைப்பதே தவறு. உரிமையாளர் அறிந்திருக்க வேண்டியது மற்றொன்று: கரையின் தரையிணைப்புக் கம்பி துறையிலுள்ள படகுகளையெல்லாம் ஒன்றோடொன்று இணைத்துவிடுவதால், நீரில் மூழ்கியுள்ள வெவ்வேறு உலோகங்களுக்கிடையே சிறு மின்னோட்டம் பாய்ந்து, சுழல்விசிறியும் அதன் தண்டும் அரிக்கப்படலாம். இதைத் தடுக்க அரிப்புத் தடுப்பி எனும் டயோடு அமைப்பு தரையிணைப்பில் சேர்க்கப்படுகிறது. சுழல்விசிறிக்கும் தண்டுக்கும் பதிலாக அரிக்கப்படுவதற்கென்றே படகின் அடியில் பொருத்தப்படும் உலோகத் துண்டு, கடலில் துத்தநாகமாகவும், ஆற்றின் நன்னீரில் மக்னீசியமாகவும் இருக்கவேண்டும். நன்னீரில் துத்தநாகத்தின்மேல் படலம் படிந்து அது செயலற்றுப்போகும்.

மின்னோட்டம் பாய்ச்சும் நாள்

எல்லாம் இணைத்தபின், தலைமைப் பியூஸின் இடத்தில் தமிழ்நாட்டு எலெக்ட்ரீஷியன்கள் சீரீஸ் லேம்ப் என்று சொல்லும் முறையில் 21 வாட் வாகன பல்பு ஒன்றை இணைத்து, எல்லா ஸ்விட்ச்சுகளையும் அணைத்து, பேட்டரியை இணைக்க வேண்டும். பல்பு பிரகாசமாக எரிந்தால் எங்கோ நேர்முனையும் எதிர்முனையும் தொட்டுக்கொண்டுள்ளன; எரியாவிட்டால் ஒவ்வொரு சுற்றாக இயக்கிப் பார்க்கலாம். ஒவ்வொரு கருவியும் ஓடும்போதே அதன் முனையில் மின்னழுத்தத்தை அளந்து, வரைபடத்தில் அவ்விடத்திலேயே குறித்துவைத்தால், பின்னாளில் குறை தோன்றும்போது ஒப்பிட அவ்வெண்கள் உதவும். வழிகாட்டு விளக்குகளில் பழைய பல்புக்குப் பதிலாக வெள்ளை எல்இடியைச் செருகுவது பச்சை, சிவப்புக் கண்ணாடிகளின் நிறத்தை மாற்றிவிடக்கூடும் என்பதால், எல்இடிக்கென்றே அமைந்த முழு விளக்கை வாங்குவதே சரி.

இதன் பின்னரே உட்கூரைத் துணி, மெத்தை, வார்னிஷ் ஆகியவற்றின் முறை வரும். அவற்றைப் பற்றி அடுத்த இயல் கூறும். இங்கே சொல்லவேண்டியது, கம்பிகள் ஓடும் பலகைகளை ஆணியடித்து மூடாமல் திருகாணியால் கழற்றக்கூடியவாறு பொருத்துதல் வேண்டும் என்பது மட்டுமே.

தேம்ஸிலும் பிராட்ஸிலும் படகை வைத்திருக்கப் படகுப் பாதுகாப்புத் திட்டத்தின் சான்றிதழ் தேவை. பேட்டரிக் கட்டு, தலைமை ஸ்விட்ச், கம்பிகளின் தாங்கல், எரிபொருள் குழாய்கள் முதலியவற்றைப் பரிசோதகர் பார்வையிட்ட பின்னரே அது வழங்கப்படுகிறது. தங்கும் அறையுள்ள படகுகளில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருப்பது 2019 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். சான்றிதழ் 4 ஆண்டுகளுக்குச் செல்லும் என்றாலும், அதிர்வில் திருகாணிகள் தளர்வதற்கு அவ்வளவு காலம் வேண்டியதில்லை. எனவே உரிமையாளர் ஆண்டுதோறும் பருவத்தின் முதற்பயணத்துக்கு முன் தலைமை ஸ்விட்ச்சை அணைத்து, பேட்டரி முனைகளையும் பியூஸ் பலகையையும் செம்புப் பட்டைகளையும் தம் கையாலேயே முடுக்கிப் பார்த்துவிட வேண்டும். வரைபடத்தின் ஒரு படியை உறையிலிட்டுப் படகிலேயே வைத்து, படகை விற்கும் நாளில் அதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.